ஆளில்லாத கப்பல்

அன்று கட்டுகஸ்தோட்டையில் நான் வேலை செய்த பழைய சாமான் கடையில் இருந்தவர்கள் முதலாளி, நான், மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டியிருந்த ஒரு மனிதர். அவர் பெயரை நாங்கள் கேட்கவில்லை.

எங்களிடம் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்கள் மூன்று இருந்தன. மூன்றிலும் இருவர் ஆடும் விண்வெளிச் சண்டை விளையாட்டைப் போட்டுப் பார்த்துத்தான் ஒன்றை வாங்குவேன் என்றார் அவர். ஒவ்வொரு தடவையும் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைச் சட்டைப்பையிலிருந்து எடுத்த லேஞ்சியால் துடைத்து, பக்கத்தில் காலியாக இருந்த கதிரையில் வைத்தார்.

முதலாவதில் நிறம் நன்றாக இருந்தது. அந்த ஜாய்ஸ்டிக்குக்கு உரிய இரண்டாவது கப்பல் ஓட்ட ஆளில்லாமல் அசையாமல் நின்று, குண்டு பட்டுச் சிதறியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்ததில் சத்தம் நன்றாக இருந்தது. கப்பல் மிதந்து திரையை விட்டுப் போய்விட்டது. கடைசியில் இருந்தது கறுப்பு வெள்ளை. அதில் ஆளில்லாத கப்பலைக் கம்ப்யூட்டரே ஓட்டியது. அது திரும்பி வந்து அவரைச் சுட்டது.

"இதுதாங்க மூணுலயும் மட்டம்," என்றேன்.

"பரவாயில்லப்பா. தம்பி வந்துட்டான்."

முதலாளி சிரித்தார். "அப்ப அவருக்கும் ஒரு டீ சொல்லட்டுமா?"

"அவன் செத்துப் பதினாலு வருஷமாச்சுங்க. அவன்கிட்ட நான் ஒருநாளும் ஜெயிச்சதில்ல."

முதலாளி சிரிப்பை நிறுத்தினார். கண்ணாடிக்காரர் மறுபடியும் ஆடத் தொடங்கினார். விட்டுக்கொடுத்து ஆடியதாக எனக்கு இன்றும் தோன்றவில்லை. பதினொரு ஆட்டம் ஆடினார். பதினொன்றிலும் தோற்றார்.