மேலே பார்த்துச் சிரிக்கச் சொன்னார்கள்

இந்தத் திருப்பூரில் வானத்தில் ஏதாவது இரைந்தால் சனங்கள் அண்ணாந்து பார்த்துக் கை காட்டுகிறார்கள். கல்யாணம் என்றால் ட்ரோன் கமரா பறந்தே ஆகவேண்டும். அகதியாக வந்து இத்தனை வருசமாகியும் எனக்கு இது பழகவில்லை. வேலம்பாளையத்துப் பனியன் கொம்பனியில் செக்கிங் மேசையில் நிற்கும்போதும், பக்கத்து மண்டபத்தில் அது எழும்பினால் நான் மேசைக்குக் கீழே போய்விடுவேன். வன்னியில் இருக்கிற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சண்டையில் தலைக்குமேல் வேவு பார்க்க ஆமி பறக்கவிட்ட சாமானை நாங்கள் வண்டு என்றுதானே சொன்னோம்.

போன மாதம் என் மகள் யாழினிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை இந்த ஊர்ப் பிள்ளை. அவருடைய அம்மா தங்கமான மனுசி. "பெருமாநல்லூர் மண்டபத்துக்கு ட்ரோனும் சொல்லியாச்சுங்க" என்றார். "கண்டறியாத ட்ரோன்! அது வந்தால் நான் மண்டபத்திலை நிக்கமாட்டன்" என்று வெடித்துவிட்டேன். சம்பந்தியம்மா பதறிப்போனார். "ஏனுங்க, மேலிருந்து படம் புடிச்சா புள்ளைக்குக் கண்ணு பட்டுருமுங்களா? சுத்திப் போட்டுக்கலாமுங்க." சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சண்டைக் காலத்தில் நான் ஓர் ஆஸ்பத்திரியில் உதவிக்கு நின்றேன். ஆஸ்பத்திரியை அடிக்கக்கூடாது என்பது உலகச் சட்டம், அடையாளம் மேலிருந்து தெரிந்தால் போதும் என்றார் டொக்டர். வெள்ளை விரிப்புகளை ஒன்றாக மூட்டி, சிவப்புச் சீலையைக் கிழித்துச் சிலுவை தைத்து, கூரையில் விரித்தோம். வண்டு வந்து வட்டமடித்தபோது, கடவுளே, சந்தோசப்பட்டோம். கண்டுவிட்டார்கள், இனித் தப்பினோம் என்று. பின்னேரம் ஆஸ்பத்திரிமேல் செல் விழுந்து வெடித்தது. மூன்று வயது யாழினியோடு கட்டிலுக்குக் கீழே புகுந்து, அவள் தலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு கிடந்தேன். காணாமல் அடித்திருந்தால் மனம் ஆறியிருக்கும். கண்டபிறகுதான் அடித்தார்கள்.

இப்போதும் டிவியில் எந்த நாட்டுச் சண்டையைக் காட்டினாலும் என் கண் ஆஸ்பத்திரிக் கூரையைத்தான் தேடும். அந்தச் சட்டமெல்லாம் வெறும் பொய், புலுடா என்பார் என் புருசன். நான் ஒத்துக்கொள்வதில்லை. அதுவும் இல்லையென்றால், எங்களுக்கு நடந்தது குற்றம் என்று எதைக் காட்டிச் சொல்வது?

யாழினி இங்கேயே வளர்ந்தவள். கட்டிலுக்குக் கீழே கிடந்த கதையை அவளுக்கு நான் சொன்னதேயில்லை. ஆனால் என் பயம் அவளுக்குத் தெரியும். "ட்ரோன் வேண்டாமுங்கம்மா, அத்தைகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றாள். அவளுக்கு ஆசை என்பது முகத்திலேயே இருந்தது. ஒருநாள் கூத்துக்கு என் பிள்ளையின் மனத்தை முறிப்பேனா? "பறக்கட்டும் பிள்ளை. நீ என்ரை பக்கத்திலை நில், அது போதும்" என்றேன்.

கல்யாணத்தன்று அது இரைந்துகொண்டு எழும்பியது. "எல்லாரும் மேல பாருங்க, சிரிங்க!" என்று கத்தினான் கமராக்காரன். சத்தியமாக, முயன்றேன். கழுத்து நிமிரவில்லை. யாழினியின் காலடியிலேயே குந்திவிட்டேன்.

நேற்று ஆல்பம் வந்தது. மேலிருந்து எடுத்த படத்தில் சம்பந்தி வீட்டுச் சனம் முழுக்க வானத்தைப் பார்த்துச் சிரிக்கிறது. நடுவில் யாழினியும் அண்ணாந்து சிரிக்கிறாள். அவள் காலடியில் ஒரு குனிந்த தலை, என்னுடையது. அதை அவளுடைய மருதாணிக் கை மூடியிருக்கிறது.