கருப்பட்டிக்கு அடித்த வெளுப்பு

கொட்டாரம் ஊரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ஜெனினுக்கு வெளிச்சத்தைப் பற்றி ஒரே கொள்கைதான்: நேருக்கு நேர் அடி, இன்னும் கூட்டி அடி. துபாயில் கேமரா விற்கும் கடையில் நின்றுவிட்டு வந்தவன். கேமரா விற்றவனெல்லாம் படக்காரன் என்றால் வெண்டைக்காய் விற்பவனெல்லாம் சமையல்காரன்தான்.

பிழைப்பு கல்யாண ஆல்பம். வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்த பெண்கள் அவன் ஆல்பத்தில் மைதா மாவில் புரண்டு எழுந்த மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். பெற்றவர்களும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிப் போவார்கள். அவனுடைய சொந்தக் கல்யாணப் படம் உள்ளே சுவரில் தொங்குகிறது. அதன் கீழேதான் மேசை போட்டு ஆல்பம் ஒட்டுகிறாள் அவன் மனைவி ஜாஸ்பின். படத்தில் இருப்பது அவள்தான் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். பக்கத்தில் பூட்டு ரிப்பேர் கடை வைத்த பாவத்துக்கு நான் இந்தக் கண்றாவியைத் தினமும் பார்க்கிறேன்.

இவனிடம்தான் பிரிஜா வந்து மாட்டினாள். அவள் அம்மா செல்லபாய், பனையிலிருந்து இறக்கிய அக்கானியைக் காய்ச்சி, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி எடுப்பவள். ஒரு பொட்டுச் சீனி கலக்கமாட்டாள். அதை இணையத்தில் விற்க மகளுக்கு ஆசை. உள்ளூர்க்காரன் வாயில் போட்டுப் பார்த்து நம்புவான், வெளியூர்க்காரனுக்குப் படம்தான் சாட்சி.

ஜெனின் வெள்ளைத் துணிப் பெட்டிக்குள் கருப்பட்டியை வைத்து, முன்னாலிருந்து இரண்டு விளக்கைப் பாய்ச்சினான். சிரட்டையின் வரிகளும் மேலே இருந்த சொரசொரப்பும் இருந்த இடம் தெரியவில்லை.

“அண்ணே, ஒரு லைட்ட அணச்சிட்டு, மத்தத சைடுல வச்சிப் பாக்கலாமா? ரொம்ப வெளுத்துத் தெரியுது,” என்றாள் பிரிஜா.

“நீ சும்மா இரி பிள்ளே. கறுப்பு எடுபடாது. எத்தன கல்யாணப் பொண்ண வெளுப்பாக்குன கையாக்கும் இது!”

பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, மணப்பெண் முகத்துக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்தான். கருப்பட்டி பொன்னிறமாக, வழவழவென்று வந்தது. மடையன்!

பிரிஜாவுக்கு மனம் ஒப்பவில்லை. இருந்தாலும் தொழில் செய்கிறவனுக்குத் தெரியாதா என்று, அம்மாவின் பெயரையும் பெருமையாகச் சேர்த்துப் படத்தைப் போட்டுவிட்டாள். சீனி கலந்தால்தான் கருப்பட்டி இப்படி வெளுக்கும் என்று யாரோ கீழே எழுதினார்கள். அவ்வளவுதான், ஊர்ப்பட்ட பேர் கூடிவிட்டார்கள். செல்லபாய் கலப்படக்காரி ஆனாள்.

மறுநாள் பிரிஜா ஒரு கருப்பட்டியைக் கொண்டுவந்து ஜாஸ்பினின் மேசையில் வைத்தாள். சத்தம் கேட்டு நானும் எழுந்து போனேன்.

“எங்க அம்ம அடுப்புப் பொகையில நின்னு காய்ச்சினதாக்கும். அவளக் கள்ளின்னு எழுதுதாவ. இருக்கப்பட்ட நெறத்துல எடுக்க ஒங்களுக்கு என்ன கேடு?”

“நான் அழகாத்தான எடுத்தேன்? கறுப்பா இருந்தா எவன் வாங்குவான்?” என்றான் ஜெனின். கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா? பக்கத்தில் பெண்டாட்டி இருக்கிறாள்.

ஜாஸ்பின் பசை பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். எழுந்து கல்யாணப் படத்தைக் கழற்றி, சுவர்ப் பக்கமாகத் திருப்பிச் சாத்திவைத்தாள்.

“எனக்கு வேண்டிக் கேக்க ஒருத்தரும் வரல்ல. கருப்பட்டிக்கு ஒரு ஆளு வந்திருக்கு. ஒழுங்கா எடுத்துக் குடுங்க.”

அன்றுதான் ஜெனின் தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு விளக்கை அணைத்தான்.