பூத்துணி சுற்றிய ஸ்பேர் டயர்

பெரிய மாப்பிள்ளைக்குத் தொழில் ஜன்னல் திரை மாட்டுவது. துணியில் கத்தரி வைப்பதற்கு முன்னால் ஜன்னலை இரண்டு தடவை அளப்பார். வீட்டுக்காரர் ஏற்கெனவே அளந்து வைத்திருந்தால் மூன்று தடவை. அப்படிப்பட்டவர் மின்சாரக் கார் வாங்கிய அன்று டிக்கியைத் திறந்து பார்த்தால், ஸ்பேர் டயரைக் காணோம். காற்றடிக்கும் சின்ன மோட்டார் ஒன்றும், பசை நிரப்பிய பாட்டில் ஒன்றும் இருந்தன. பஞ்சர் ஆனால் பசையை உள்ளே பீய்ச்சி, காற்றடித்துக்கொண்டு, பக்கத்துக் கடைவரை ஓட்டிப் போய்விடலாமாம்.

"இது கார் கடையா, பேனா பென்சில் விக்கிற கடையா?" என்று விற்றவரிடமே கேட்டார். மறுநாள் தன் காருக்குச் சரியான அளவில் ஒரு சக்கரமும் டயரும் வாங்கி டிக்கியில் ஏற்றினார். அழுக்குப் படக்கூடாதென்று, கடையில் மிச்சம் கிடந்த மஞ்சள் பூப்போட்ட திரைத் துணியை அதற்குச் சுற்றி, திரைக் கயிற்றால் இழுத்துக் கட்டினார். டிக்கியில் அதற்குமேல் ஒரு செருப்புகூட வைக்க இடமில்லை.

"டயருக்குப் பாவாடை கட்டி உக்கார வச்சாச்சு. காய்கறிப் பை என் மடியில" என்றாள் மனைவி.

அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் காரில் முக்கியமான பயணி என்று அவர் நினைத்தது மாமியாரைத்தான். மாமனார் காலமானதிலிருந்து, கண் டாக்டரோ கல்யாண வீடோ, மாமியார் எங்கே கிளம்பினாலும் "பெரிய மாப்பிள்ளைக்கு ஒரு போன் போடு" என்பதுதான் அந்த வீட்டுப் பேச்சு. ஏணி மேல் நின்றுகொண்டிருந்தாலும் இறங்கி வந்துவிடுவார். மாமியார் முன்சீட்டில் உட்கார்ந்து, வழியில் தெரிகிற திரைகளைக் காட்டி, "அது நீங்க மாட்டினதா மாப்பிள்ளை?" என்று கேட்பார். அழகாக இருந்தால் இவர் யோசிக்காமல் ஆமாம் என்பார்.

அந்த மாமியார்தான் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து, மடக்குகிற சக்கர நாற்காலியோடு வீட்டுக்கு வந்தார். செவ்வாயும் வெள்ளியும் உடற்பயிற்சிக்கு மருத்துவமனை போக வேண்டும். முதல் செவ்வாயன்று பெரிய மாப்பிள்ளை டிக்கியைத் திறந்து, நாற்காலியை நெடுக்காக, குறுக்காக, தலைகீழாக வைத்துப் பார்த்தார். பூத்துணிக்காரி நகரவில்லை. பின்சீட்டிலோ வழக்கம்போல் திரைக் கம்பிகள்.

அதற்குள் சின்ன மாப்பிள்ளை வந்து நின்றார். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. அவரிடம் இருந்ததும் மின்சாரக் கார்தான். ஆனால் புதுசு, பெருசு. டிக்கி ஓர் அறை மாதிரி இருக்கும். போதாததற்கு, முன்னால் இஞ்சின் இருக்க வேண்டிய இடத்திலும் ஒரு பெட்டி. நாற்காலி உள்ளே போனதே தெரியவில்லை.

"ஸ்பேர் டயர் இல்லாமலா சகல ஓட்டறீங்க?" என்று கேட்டார் பெரிய மாப்பிள்ளை.

"பாட்டில் இருக்கே அண்ணே. இந்தக் காலத்துல யார் டயரைச் சுமந்துக்கிட்டுப் போறாங்க?"

மாமியார் அந்தக் காரின் முன்சீட்டில் ஏறினார். கதவு சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது. பெரிய மாப்பிள்ளை தெருவில் நின்று கையசைத்தார். வயிற்றுக்குள் ஏதோ எரிந்தது. காலையில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று மனைவியிடம் சொன்னார்.

அந்த எரிச்சல் வாரத்துக்கு இரண்டு தடவை வந்தது. "சின்னவர் வண்டியில சீட்டே முதுகைப் பிடிச்சு விடுது" என்றார் மாமியார். "சின்னவர் எனக்குன்னு பழைய பாட்டாப் போட்டு வச்சிருக்கார்." பெரிய மாப்பிள்ளை "அப்படியா அத்தை, நல்லது" என்று சொல்லிவிட்டு, அன்று ஒரு வீட்டில் திரைக் கம்பியைக் கோணலாக மாட்டிவிட்டு வந்தார். அவர் வாழ்க்கையில் முதல் கோணல் அது.

"டயரை இறக்கி வீட்டுல வச்சா முடிஞ்சது. நாற்காலி தாராளமாப் போகும்" என்றாள் மனைவி.

"நடுரோட்டுல அத்தையோட நிக்கச் சொல்றியா?"

"டயரை இறக்கினா உங்க சகலை சொன்னது சரின்னு ஆயிடும். அதானே?"

அவர் போய் டயரின் கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டினார். அதுதான்.

அதன்பிறகு அவருக்கு ஓர் ஆசை முளைத்தது. வெளியே சொல்லக்கூடிய ஆசை இல்லை. சின்ன மாப்பிள்ளையின் காரில் டயர் வெடிக்க வேண்டும். யாருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது, டயர் மட்டும். பசையால் அடைபடாத ஓட்டையாக இருக்க வேண்டும். அப்போது, பூத்துணியை அவிழ்த்துக்கொண்டு, தான் போய் இறங்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டு வாசலில் அந்தப் பெரிய கார் நின்றபோது, செருப்பைத் தேடுவதுபோல் குனிந்து, சட்டைப்பையிலிருந்த டேப்பை எடுத்து அதன் சக்கரத்தை அளந்தார். இரண்டு தடவை. அவருடைய டயரும் அதுவும் விரல்கடை வித்தியாசம்தான். திருப்தியாக உள்ளே போய் இரண்டாம் முறை காபி கேட்டார்.

ஆசை ஒரு வெள்ளிக்கிழமை பலித்தது. பல் டாக்டர் ஒருவரின் அறையில் ஏணி மேல் நின்றிருந்தபோது போன் வந்தது.

"அண்ணே, உடைஞ்சுபோன சாக்கடை மூடி மேல ஏத்திட்டேன். டயர் பக்கவாட்டுல கிழிஞ்சிருச்சு. அத்தைக்கு ஆஸ்பத்திரிக்கு நேரமாகுது. இன்னைக்கு விட்டா இனிமே செவ்வாய்க்கிழமைதான்."

"அடடா" என்றார் பெரிய மாப்பிள்ளை. கீழே நின்ற டாக்டர், "நல்ல செய்தியா?" என்று விசாரித்தார்.

போய்ச் சேர்ந்தபோது, பெரிய கார் ஒரு மூலை மடங்கி நின்றது. பசை வெள்ளையாகச் சாலையில் வழிந்திருந்தது. மாமியார் திறந்த கதவோரம் காரிலேயே உட்கார்ந்திருக்க, சின்ன மாப்பிள்ளை வெயிலில் நின்று அவருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். இந்த நேரத்திலும் குடை பிடித்து நல்ல பெயர் வாங்குகிறானே என்றிருந்தது பெரிய மாப்பிள்ளைக்கு.

"பாட்டில் என்னாச்சு சகல?"

"முழுசா அடிச்சேன் அண்ணே. உள்ள போனதைவிட வெளிய வந்ததுதான் ஜாஸ்தி."

பெரிய மாப்பிள்ளை அவசரப்படவில்லை. டிக்கியைத் திறந்தார். கயிற்றை முடிச்சு முடிச்சாக அவிழ்த்தார். பூத்துணியை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, பளபளவென்றிருந்த டயரை மாமியார் கண்ணில் படும்படி உருட்டி வந்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, கிழிந்த சக்கரத்தின் நடுவிலிருந்த மூடியை நெம்பி எடுத்தார்.

உள்ளே ஐந்து போல்ட்டுகள். அவர் கொண்டு வந்த சக்கரத்தில் நான்கு துளைகள்.

மறுபடி எண்ணினார். ஐந்துதான்.

"தூரத்துல பார்த்தா ரெண்டும் ஒண்ணாத்தான் அண்ணே இருக்கு" என்றார் சின்ன மாப்பிள்ளை. கேலி செய்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"அன்னைக்கு வாசல்ல டேப் வச்சு அளந்தீங்களே மாப்பிள்ளை" என்றார் மாமியார், குடைக்குள்ளிருந்து. "ஜன்னல்ல இருந்து பார்த்தேன். அந்த மூடியையும் கழட்டிப் பார்த்திருக்கலாம்."

பெரிய மாப்பிள்ளை கையிலிருந்த மூடியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். சின்ன மாப்பிள்ளை அவரையே பார்த்தார்.

"என் வண்டிக்கு ஆத்திர அவசரத்துக்கு ஆகுமான்னு அளந்தீங்களா அண்ணே? எனக்கு இதெல்லாம் தோணவே இல்லை பாருங்க."

"ம்" என்றார் பெரிய மாப்பிள்ளை.

மாமியாரை இவர் காருக்கு மாற்றினார்கள். நாற்காலியைப் பின்சீட்டில் வைக்கலாமென்றால், அங்கே பல் டாக்டருக்கான திரைக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. டிக்கி இப்போது காலி. டயர்தான் நடுத்தெருவில் நின்றது.

"அதை என் டிக்கில போட்டுடுங்க" என்றார் சின்ன மாப்பிள்ளை. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கும்போது குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கென்ன அண்ணே. அவங்க என் வண்டில ஏறினா உங்க புராணம்தான். பெரியவர் பள்ளத்துல இறக்கினா தெரியவே தெரியாதாம். இன்னைக்கு டயர் கிழிஞ்சதும் முதல் வார்த்தை அதுதான். சீட்டு முதுகைப் பிடிச்சு விடுதே, அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருப்பாங்களா?"

பெரிய மாப்பிள்ளைக்குத் தோளில் கிடந்த துணி திடீரென்று லேசானது. அதை எடுத்து, தன் கையாலேயே டயருக்குச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். இழுவை வண்டி வரும்வரை சின்ன மாப்பிள்ளை அதோடு நிற்க, இவர் மாமியாரோடு கிளம்பினார். ஒரு பள்ளத்தைக் கண்டதும், தூங்குகிற குழந்தையைத் தாண்டுவதுபோல் இறக்கி ஏற்றினார்.

"பாவம் சின்னவர்" என்றார் மாமியார். "அந்த வெயில்ல கை மாத்தாமக் குடை பிடிச்சார். தங்கமான பிள்ளை."

மருத்துவமனை வரும்வரை தங்கத்தைப் பற்றித்தான் பேச்சு.

அன்றிலிருந்து செவ்வாய் பெரியவருக்கு, வெள்ளி சின்னவருக்கு என்று ஆனது. டயரைத் திரும்ப வாங்க வேண்டுமென்று சொல்லிக்கொண்டிருந்தாரே தவிர, பெரிய மாப்பிள்ளை போகவில்லை. புது டயர் போட்டுக்கொண்டு பெரிய கார் வந்த வெள்ளிக்கிழமை, வழியனுப்புகிற சாக்கில் அதன் டிக்கியை எட்டிப் பார்த்தார். பூத்துணி கட்டிய டயர் ஓரமாகச் சாய்ந்திருந்தது. அதற்கும் டிக்கிச் சுவருக்கும் நடுவில் நாற்காலி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"நல்ல முட்டு அண்ணே இது" என்றார் சின்ன மாப்பிள்ளை. "முன்னல்லாம் நாற்காலி கடகடன்னு ஆடும். இப்ப மூச்சு விடறதில்ல. அத்தையே சொன்னாங்க, என் வண்டி மாதிரி சத்தமில்லாத வண்டி கிடையாதாம்."

டயர் இவருடையது. துணி இவருடையது. கட்டு இவர் கட்டியது. பெயர் அந்த வண்டிக்கு.

அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. கடையிலிருந்து மெத்தைப் பஞ்சும், பச்சைக் கோடு போட்ட துணியும் எடுத்து வந்தார். மாமியார் மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் நாற்காலியைக் கேட்டு வாங்கி, வாசலில் தன் காரின் டிக்கிக்குள் வைத்து, அது ஆடாதபடி பஞ்சு அடைக்க நான்கு பக்கமும் டேப் பிடித்து அளந்தார். எண்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். அழித்துவிட்டு மறுபடி அளந்தார்.

ஜன்னல் திரை விலகியது.

"மாப்பிள்ளை" என்று மாமியாரின் குரல் வந்தது, "இந்தத் தடவை எல்லாத்தையும் எண்ணிட்டீங்களா?"