வண்டிக்கு ஒரு ஜெர்கின்

எங்கள் ஊரில் ஸ்கூட்டர் ஓட்டும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். சேலையோ சுடிதாரோ, அதற்கு மேல் ஓர் ஆம்பளைச் சட்டை இருக்கும். முழுக்கைச் சட்டை. வெயிலில் கை கறுக்கக் கூடாது என்று போட்டுக்கொள்வது. அந்தச் சட்டையை யாரும் கடையில் போய் வாங்குவதில்லை. காலர் நைந்து, அக்குளில் மஞ்சள் ஏறி, இனி வெளியே போட்டுப் போக முடியாது என்று கணவன் ஒதுக்கியது மனைவிக்கு வண்டிச் சட்டையாகிவிடும். இதை ஒருத்தியும் கேவலமாக நினைப்பதாகத் தெரியவில்லை. எனக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

நான் கரிவலம்வந்தநல்லூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். சங்கரன்கோவிலிலிருந்து தினமும் ஸ்கூட்டரில்தான் போய் வருகிறேன். என் கணவருக்கு இங்கே பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. பூக்கடைக்காரர் பெண்டாட்டி என்றால் வீடே மணக்கும், கொடுத்து வைத்தவள் என்பார்கள். விலை போகாமல் மத்தியானம் வரை ஈரச் சாக்கில் புழுங்கிய மல்லிகையை அவர்கள் மோந்து பார்த்ததில்லை. அந்த அழுகலும், அவருடைய வியர்வையும், வெற்றிலை எச்சிலும் சேர்ந்து, பிறகு எனக்கு வண்டிச் சட்டையாக வரும் அவர் சட்டையில் ஊறிவிடும். வெந்நீரில் ஊறப்போட்டு பிரஷ் வைத்துத் தேய்ப்பேன். கொடியில் காயும்போது ஒன்றும் தெரியாது. வண்டியில் ஏறி, வெயில் பட்டு, என் வியர்வை அதில் இறங்கியதும் அவருடைய பழைய வியர்வை எழுந்து வரும். முன்னால் ஒரு பஸ் மாட்டிக்கொண்டு மெதுவாகப் போக வேண்டியிருந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போவேன்.

ஒருமுறை அவரிடமே சொன்னேன்.

“சட்ட நாறுதுங்க.”

“துவைச்ச சட்டையில என்னட்டி நாத்தம்? உன் மூக்குலதான் கோளாறு.”

அதோடு முடிந்தது பேச்சு. பேசிய வாயில் வெற்றிலை வேறு.

என் உடம்பில் என் நாற்றம் மட்டும் இருந்தால் போதும். அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. கல்யாணத்துக்கு அம்மா வாங்கிக் கொடுத்த தையல் மெஷின் இருந்தது. மழைக்குப் போடும் கனத்த ஜெர்கின் இந்த ஊர் வெயிலுக்கு ஆகாது. அதனால் மெல்லிய பருத்தித் துணியில், உள்துணி கொடுக்காமல், முன்னால் ஜிப்பும் மணிக்கட்டில் எலாஸ்டிக்கும் வைத்துத் தைப்பதாகத் திட்டம். சாம்பல் கலந்த நீலத்தில் துணி எடுத்தேன். கடையிலேயே அதை முகத்தருகில் வைத்துப் பார்த்தேன். கஞ்சி வாசம் மட்டும்தான் அடித்தது. அப்போதே எனக்குப் பாதி நிம்மதி வந்துவிட்டது.

வீட்டில் தைக்கிறவர்கள் அளவுக்குப் பழைய உடுப்பு ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். கை, முதுகு, முன்பக்கம் என்று தனித்தனியாக எடுத்து, புதுத் துணியில் பரப்பி, சாக்பீஸால் வரைந்து வெட்டுவது. முழுக்கையோடு என்னிடம் இருந்தது அந்த வண்டிச் சட்டை ஒன்றுதான். பிரித்தேன். காலரின் மடிப்புக்குள் இருந்ததைப் பார்த்திருக்கவே கூடாது. எண்ணெயும் பவுடரும் தோலும் சேர்ந்து கறுப்பு மெழுகாக அப்பியிருந்தது. கைமடிப்பிலிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ உருண்டு மடியில் விழுந்தது. எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். இத்தனை காலம் இதையா கழுத்தில் சுற்றிக்கொண்டு போனோம் என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

அவர் ஆள் அகலம். நான் ஒல்லி. அந்தத் துண்டுகளை என் தோளில் வைத்துப் பார்த்து, எவ்வளவு குறைக்க வேண்டும் என்று குறித்த பிறகு வெட்டியிருக்க வேண்டும். ஆனால் அந்தத் துணியை மறுபடி என் உடம்பில் வைக்க மனம் வரவில்லை. இரண்டு விரலால் நுனியைப் பிடித்துப் போட்டு, இருந்தபடியே சுற்றி வரைந்து, வெட்டி முடித்து, சட்டைத் துண்டுகளைக் குப்பையில் போட்டேன். தையலில் பிடித்தால் சின்னதாகிவிடும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

ஒன்றும் சின்னதாகவில்லை. ஜிப் வைத்து, எலாஸ்டிக் கொடுத்து, போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றால் தோள் தையல் முழங்கை வரைக்கும் தொங்கியது. தையல் மட்டும் நேராக, அழகாக வந்திருந்தது. எரிச்சலோடு கழற்றினேன். ஞாயிற்றுக்கிழமை பக்கவாட்டையும் தோளையும் பிரித்துப் பிடித்துவிடலாம் என்று நாற்காலியில் போட்டு வைத்தேன்.

சனிக்கிழமை நான் வேலைக்குப் போயிருந்தபோது அவர் அதை மாட்டிக்கொண்டு சிவகிரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். சாயங்காலம் வந்து பைக்கை நிறுத்தினார். ஜிப்பைக் கழுத்து வரைக்கும் ஏற்றியிருந்தார்.

“அளவெடுத்த மாரி இருக்குட்டி. எனக்குன்னு சொல்லவே இல்லியே.”

“அது எனக்குத் தச்சதுங்க.”

“உனக்கா? தொளதொளன்னுல்லா கெடக்கும். நல்லா காத்தோட்டமா இருக்கு. கொஞ்ச நாள் நான் போடுதேன். அப்புறம் வண்டிக்கு நீ எடுத்துக்க.”

கழற்றி என் கையில் கொடுத்தார். முதுகு நனைந்திருந்தது. மார்பில் சாம்பார் சொட்டியிருந்தது. மோந்து பார்க்கத் தேவையே இல்லை. பிரித்துப் பிடித்துத் தைக்கலாம்தான். கை வரவில்லை. அவர் முன்னாலேயே அதைத் தரையில் போட்டேன். “என்னட்டி கிறுக்கு?” என்று அவரே எடுத்து ஆணியில் மாட்டினார்.

திங்கட்கிழமையும் வெறும் சுடிதாரோடுதான் வண்டியை எடுத்தேன். வெயில் கையைச் சுட்டது. அப்படியே பழகிவிட்டது. சித்திரை முடிவதற்குள் முழங்கைக்குக் கீழே கரியாகிப் போனது.

ஒருநாள் நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் என் கையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“பாக்கவே சகிக்கல. என் பழைய சட்டை ஒண்ணை எடுத்து மாட்டிட்டுப் போனா என்ன?”

பக்கத்தில் போய்க் கையை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

“மோந்து பாருங்க.”

அவர் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“ஏ, வேர்வை நாறுது.”

“ஆமா,” என்றேன். “என் வேர்வை.”