அப்பா சொன்ன ஹோல்டான்

அப்பா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், இந்த நினைவு மலரைப் பிரித்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் இளைய மகளின் வணக்கம். நான் எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று அண்ணன் எனக்கு ஒரே பக்கம்தான் ஒதுக்கியிருக்கிறார். ஆகவே வேகமாகப் போகிறேன்.

அப்பா பிறந்தது கீழ்பென்னாத்தூரில், மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிட்ட குடும்பத்தில். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, வயல் வேலை செய்துகொண்டே படித்து, பஸ் கண்டக்டர் ஆனார். முப்பது வருடம் ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்தவர். அதுதான் அவருடைய பெருமை. பிற்பாடு அவரைக் கவிழ்க்கப் பார்த்ததும் அதே பெருமைதான்.

ஓய்வு பெற்றபின், அவருடைய பஸ்ஸை ஓட்டிய டிரைவர் மாமாவுடன் சேர்ந்து, கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை அருகே பௌர்ணமிதோறும் மோர்ப் பந்தல் போட்டார். வருகிறவர்களுக்கு அண்டா அண்டாவாக ஊற்றுவார். தனக்கு விரதம், ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடையாது. பிரஷர் மாத்திரையை மட்டும் எச்சிலோடு விழுங்கிவிடுவார்.

நான் கல்லூரியில் விலங்கியல் படித்த வருடம், சித்திரைப் பௌர்ணமி. பிற்பகல் வெயிலில், பந்தல் வாசலில் மலையைப் பார்த்து விழுந்து கும்பிட்ட அப்பா, விருட்டென்று எழுந்தார். எழுந்த வேகத்தில் அப்படியே சரிந்தார். அண்டாவின் விளிம்பு பட்டு நெற்றியில் ரத்தம்.

"அருள் வந்துட்டுது, தொடாதீங்க!" என்று யாரோ கத்த, கூட்டம் கைகூப்பி விலகி நின்றது. நெற்றிக் காயத்தின் மேலேயே விபூதி பூசினார்கள். ஒரு பெண்மணி அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண் திறந்த அப்பா, "என்னாம்மா, சில்லறை ஏதாச்சும் விழுந்துடுச்சா?" என்றார்.

இது முதல் தடவை அல்ல, ஏற்கெனவே மூன்று முறை விழுந்திருக்கிறார் என்று அன்றுதான் டிரைவர் மாமா போட்டுக்கொடுத்தார்.

"இனிமே பந்தல் வேணாம்பா. வீட்டோட இருங்க," என்றார் அண்ணன்.

"ஓடுற பஸ்ல நின்னவன்டா நானு. தரையில விழுவனா? கால் தடுக்கிச்சு."

"மூணு வாட்டியும் அதே காலா?" என்றார் டிரைவர் மாமா.

அப்பா மாதம் முழுவதும் காத்திருப்பது அந்த ஒரு நாளுக்காகத்தான்.

நான் விடவில்லை. மறுநாளே டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். அவர் அப்பாவைப் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார், பிறகு நிற்க வைத்துப் பார்த்தார். படுத்திருந்தபோது சரியாக இருந்தது, நின்றதும் சரசரவென்று இறங்கிவிட்டது. எழும்போது ரத்தம் காலுக்கு இறங்குமாம். அதை மேலே தள்ள வயதான உடம்புக்குச் சற்று நேரம் வேண்டும். அதோடு வெயில், வெறும் வயிறு, மாத்திரை. டாக்டரம்மா மாத்திரையைக் குறைத்தார், தண்ணீர் குடிக்கச் சொன்னார், எழுவதை நிதானமாக்கச் சொன்னார்.

"தண்ணி குடிச்சா அது என்னா விரதம்?" என்றார் அப்பா, திரும்பும் வழியில்.

"பந்தலுக்கு வர்ற பெரியவர் ஒருத்தரு, விரதம், மோர் வேணாம்னு சொன்னா உட்டுடுவீங்களா?"

"அதெப்படி? மயங்கி விழுந்தா யாரு பதில் சொல்றது?" சொன்னபிறகு அவரே சிரித்துவிட்டார்.

நிதானம்தான் வரவில்லை. கடைசியில் அவர் பாஷையிலேயே கேட்டேன்: "படியில ஆளு ஏறும்போதே விசில் குடுப்பீங்களாப்பா?"

"விழுந்துடுவாங்களே!"

"ரத்தம் இன்னும் ஏறிக்கிட்டு இருக்குதுப்பா."

மறுநாள் காலை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, பஸ்ஸை நிறுத்தச் சொல்லும் அதே குரலில் "ஹோல்டான்" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பாதங்களை ஆட்டினார். கொஞ்சம் பொறுத்து, கட்டிலைப் பிடித்து எழுந்து, "போலாம், ரைட்!" சமையலறையிலிருந்து அம்மா, "வண்டி கெளம்பிடுச்சா?" என்றார்.

அடுத்த பௌர்ணமிக்கு அண்ணனும் வந்தார். இன்னொரு முறை விழுந்தால் பந்தலைப் பிரிப்பது என்று பேச்சு. அப்பா முதல் டம்ளர் மோரைத் தானே குடித்தார். மலையை விழுந்து கும்பிட்டார். எழுந்து உட்கார்ந்தார். "ஹோல்டான்." அண்ணனின் இரண்டு கைகளும் அவர் முதுகுக்குப் பின்னால் நீண்டிருந்தன. "ரைட்!" அப்பா நின்றார். நின்றுகொண்டே இருந்தார். அண்ணன் கரண்டியை எடுத்து மோர் ஊற்ற ஆரம்பித்தார்.

அதன்பின் ஆறு வருடம் பந்தல் நடந்தது. அப்பா ஒரு முறைகூட விழவில்லை. சென்ற ஆண்டு நுரையீரல் நோயில் படுத்தார். கடைசி வாரம் குரல் போய்விட்டது. நாங்கள் தூக்கி உட்கார வைக்கும்போது உள்ளங்கையைக் காட்டுவார், நிற்போம். கட்டிலை இரண்டு தட்டுத் தட்டுவார், தூக்குவோம்.

டாக்டரம்மாவுக்கும், உண்மையைப் போட்டுக்கொடுத்த டிரைவர் மாமாவுக்கும், கடைசி நாட்களில் எங்களோடு கண்விழித்த உறவுகள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பந்தல் இப்போதும் உண்டு, நாங்கள்தான் ஊற்றுகிறோம். பெரியவர்களுக்கென்று ஒரு பெஞ்சு போட்டிருக்கிறோம். வாருங்கள், உட்கார்ந்து குடியுங்கள். எழும்போது டிரைவர் மாமா உங்களைப் பார்த்து "ஹோல்டான்!" என்பார். கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் ரைட் சொல்லும்வரை எழ வேண்டாம்.