நாற்காலியில் இரண்டு தண்ணீர் கேன்

நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை என் ஸ்பீக்கர் பாடாத கல்யாண மண்டபம் கிடையாது. மாதா கோயில் திருவிழாவுக்கும் நான்தான், அம்மன் கோயில் ஆடி மாசத்துக்கும் நான்தான். ஆம்ப்ளிஃபயர் ரிப்பேரை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. திறந்து பார்த்தேன், புரிந்தது. சிட்லபாக்கத்தில் மாடி எடுத்து வீடு கட்டியதும் இந்தக் கைதான்.

சவுண்ட் சர்வீஸ் கடையை விட்டபிறகு சும்மா உட்கார முடியாமல் தெரமின் என்கிற வாத்தியம் ஒன்று செய்தேன். ஒரு மரப்பெட்டி, இரண்டு கம்பி. கம்பியைத் தொடவே வேண்டாம், பக்கத்தில் கையை அசைத்தால் பாடும். ஒரு கம்பி சுருதிக்கு, இன்னொன்று சத்தத்தைக் கூட்டிக் குறைக்க. யாரோ ஒரு பொம்பளை வாயை மூடிக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கும்.

அதை வீடியோவில் பார்த்துத் தேடி வந்தவர்தான் மேடவாக்கத்து சார். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் ராகமும் தாளமும் இல்லாத புதுமாதிரி இசையைப் பதிவு செய்வார். காலால் அழுத்தி சத்தத்தை மாற்றுகிற பெடல்களைப் பை நிறையக் கொண்டுவந்தார். எக்கோ போட ஒன்று, சத்தத்தைக் கரகரப்பாக்க ஒன்று, சுருதியை ஆட்டிவிட ஒன்று.

"முதல்ல கரகரப்பு, அப்புறம் எக்கோ. அதான் முறைண்ணா," என்றார்.

"முறையெல்லாம் உங்க கம்பெனியில வெச்சுக்குங்க சார். எக்கோவை முன்னாடி போடுங்க."

போட்டார். எதிரொலிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, துருப்பிடித்த கேட்டைத் திறக்கிற மாதிரி வந்தன. ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவர் என்னை அசந்துபோய்ப் பார்த்தாரே, அந்தப் பார்வைக்கு நான் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் உழைப்பேன்.

பதிவு நடக்கும்போது மாடி அறையில் ஃபேன் கூடாது. அந்தப் புழுக்கத்திலும் என் வீட்டுக்காரம்மா பூண்டு முறத்தோடு ஏறி வந்து, பெட்டிக்கு இரண்டடி தள்ளி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவாள். தெரமின் பக்கத்தில் ஆள் வந்தாலே சுருதி மாறிப்போகும். எழுந்திரு என்றால், "என் வூட்ல நான் குந்துறதுக்கு உன் பொட்டி பர்மிஷன் குடுக்கணுமாய்யா?" என்பாள். அதனால் அவள் உட்கார்ந்த பிறகுதான் சுருதி சேர்ப்பேன். அதுவே வழக்கமாகிவிட்டது.

ஒரு மத்தியானம் நீளமாக ஒரு சுரம் பிடித்தேன். அது லேசாக நடுங்கி, தணிந்து, மறுபடி எழுந்தது. சாருக்கு ரோமம் சிலிர்த்துவிட்டது. "இந்த நடுக்கம் எந்தப் பெடல்ல வந்துச்சுண்ணா?"

"பெடலா? என் கை சார்."

கையில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முறத்தை மடியில் வைத்தபடி அவள் தூங்கி விழுந்துகொண்டிருந்தாள். தலை முன்னால் சாயச் சாய, சுருதி அசைந்தது.

பிறகு மகளின் பிரசவத்துக்குக் கனடா போனாள். மூன்று மாசம் என்றது எட்டு மாசமாகிவிட்டது. ஏர்போர்ட்டில் "பத்திரம்" என்றதோடு சரி. சீக்கிரம் வா என்று வாயில் வரவில்லை. நான் யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிப் பழகாதவன்.

போன ஞாயிறு சார் வந்தார். "கடைசிப் பகுதிக்கும் அதே நடுக்கம் வேணும்ணா. அதோட முடிஞ்சுது."

வாசித்தேன். சுருதி சேரவேயில்லை. மனுஷ உடம்பில் பெரும்பாதி தண்ணீர்தானே என்று, இரண்டு தண்ணீர் கேனைத் தூக்கி அவள் நாற்காலியில் வைத்தேன். சுருதி சேர்ந்தது. ஆனால் சுரம் கொடிக்கயிறு மாதிரி விறைப்பாக நின்றது. ஆட்டிவிடுகிற பெடலைப் போட்டுத் திருகாத திருகெல்லாம் திருகினேன். அளந்து அளந்து ஆட்டியது. அசந்து சாய்ந்துவிட்டு, சட்டென்று முழித்துக்கொள்ள அதற்குத் தெரியவில்லை.

"அன்னிக்குக் கையாலதானே பண்ணீங்க?"

கேன்களைப் பார்த்தேன். "கை இல்ல சார். அவ தூங்கி விழுந்துட்டிருந்தா."

சார் சிரிக்கவில்லை. பெடல்களின் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். "அப்ப அக்கா வரட்டும்ணா. அந்த இடத்தை அப்படியே விட்டுடறேன்."

சாயங்காலம் நானே போன் போட்டேன். அங்கே விடிந்திருந்தது.

"இன்னாமே, எப்ப வர்றே?"

எட்டு மாசத்தில் முதல் தடவை கேட்கிறேன்.

"இன்னாய்யா, மாவு அரைக்க ஆளில்லையா?"

"உன் நாற்காலில தண்ணி கேன் குந்திகினு கீது."

சிரித்தாள். பின்னால் குழந்தை அழுதது. "வெயிட்டு தாங்காதுய்யா, கால் ஒடஞ்சிடும். எறக்கி வை. பொங்கலுக்கு முன்னாடி டிக்கெட் போடச் சொல்றேன்."

கேன்களை இறக்கிவிட்டேன். பெருக்க வருகிறவள் நகர்த்திவிடக்கூடாது என்று, நாற்காலியின் நாலு காலையும் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.