கொழுந்தா, முத்தலா?

மாதம் ஒருமுறை சேலைன் வழியாக மருந்து ஏற்றிக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போவேன். ஐந்து வருடங்களாகப் பக்கத்து நாற்காலி ஒரு அம்மாவுக்குத்தான். தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். நெற்றியில் கூடைக் கயிறு அழுத்திய தடம். பெயரை நான் கேட்டதேயில்லை. இருவருக்கும் ஒரே நரம்பு நோய். என்னிடம் கண்ணைப் பிடித்தது. அவரிடம் விரல் நுனிகளை மரக்க வைத்தது.

மருந்து சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். எனக்கு இருப்புக் கொள்ளாது. வாசலையும் போத்தலையும் மாறிமாறிப் பார்ப்பேன். அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தேயிலைகளை மடியில் பரப்புவார். கண்ணை மூடி, ஒவ்வொன்றாகத் தடவி, “கொழுந்து”, “முத்தல்” என்பார். சரியா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. கூடையில் முத்தல் கலந்தால் வேலையை மேற்பார்க்கும் கங்காணி ஏசுவார். தொடர்ந்து கலந்தால் கொழுந்து எடுக்கும் வேலையிலிருந்தே நிறுத்திவிடுவார்கள்.

கடைசியாகப் பார்த்த அன்று, கொழுந்து என்று அவர் எடுத்த மூன்றுமே முத்தல். அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“எல்லாம் சரி” என்றேன்.

கண்ணைத் திறக்காமலே ஒரு காம்பை ஒடித்துப் பார்த்தார். அது ஒடியாமல் நாராக இழுபட்டது.

“கொழுந்துன்னா பட்டுன்னு சத்தம் கேக்கும் டீச்சர். எனக்குக் காது நல்லாத்தாங்க இருக்கு.” கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். “உங்களுக்குக் கண்ணு தெரியலீங்களா, இல்ல பொய் சொன்னீங்களா?”

எழுந்து போய்விடலாம் போலிருந்தது. கையில் ஊசி, போத்தலில் இன்னும் பாதி மருந்து இருந்தது.